வாசிப்பும் ஊகமும்: லங்காதிலகச் சாசனம் முதல் கணினி எழுத்துணரி வரை

இலக்கியத் திறனாய்வு தொடர்பாக நம்மிடையே நிகழும் விவாதங்களிற் பெரும்பாலானவை வாசிப்பின் பயனைப் பற்றியவை. வாசிப்பு என்னும் செயல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் பற்றியவை மிகச் சிலவே. ஒரு கவிதையைச் சமுதாய நோக்கில் அணுகுவதா, உருவ நோக்கில் அணுகுவதா என்று வாதிடுவோர், அக்கவிதையின் எழுத்துக்கள் சொற்களாகிச் சொற்கள் பொருளாகும் முதற்படியை ஐயத்துக்கு இடமற்றதெனக் கொண்டுவிடுகின்றனர். அச்சுப் பிரதியே நமது மூலமாக இருந்தவரை இதனாற் பெருங்கேடு விளையவில்லை. இன்று நிலைமை வேறு. மாணவர் எடுத்தாளும் மேற்கோள்களிற் கணிசமானவை, மனிதன் வாசித்துத் தட்டெழுதியவை அல்ல. பழைய நூற் பக்கத்தின் படத்தை இயந்திரம் வாசித்து எழுத்தாக்கியவை. எனவே, மனிதன் எவ்வாறு வாசிக்கின்றான், இயந்திரம் எவ்வாறு வாசிக்கின்றது, இவ்விரு வாசிப்புகளையும் திறனாய்வாளன் எவ்வாறு மதிப்பிடல் வேண்டும் என்னும் வினாக்கள் தமிழ்த்துறைக்குப் புறம்பானவையாகக் கருதப்படத்தக்கன அல்ல.

இவ்வினாக்களுக்கு விடை தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பேராதனை வளாகத்திலிருந்து சில மைல் தொலைவில், உடுநுவரைப் பகுதியில், லங்காதிலக விகாரை அமைந்துள்ளது. கம்பளையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த இவ்விகாரையின் பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. விகாரைக்கு வழங்கப்பட்ட நிலங்களையும் கொடைகளையும் அவை பதிவுசெய்கின்றன. பரணவிதான இச்சாசனங்களை 1960இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழிற் பதிப்பித்தார். கண்டிச் சீமையின் மத்தியிலே ஒரு பௌத்த விகாரையிற் காணப்படும் இத்தமிழ்ச் சாசனத்தின் வரலாற்று முக்கியத்துவம் பற்றி அறிஞர் பலர் கூறியுள்ளனர். இங்கு நமது கவனத்துக்குரியது வேறொன்று: இத்தகைய சாசனம் ஒன்றை 'வாசித்தல்' என்பதன் பொருள் யாது?

அக்காலத் தமிழ் எழுத்தில் மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படுவதில்லை. குறிலுக்குப் புள்ளி உண்டெனத் தொல்காப்பியம் விதித்திருப்பினும் எழுதுவோர் அதனைப் பேணினாரல்லர். இன்று நாம் எழுதும் இரட்டைக்கொம்பு, 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் சீர்திருத்தத்தின் வழி வந்தது. ஆகார உயிர்மெய்க்குரிய காலும் ரகரமும் ஏடுகளிலும் சாசனங்கள் பலவற்றிலும் ஒரே வடிவின. இதன் விளைவை எண்ணிப் பார்க்கலாம். மகரம், கால், மகரம் என மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து நின்றால் அது மரம் ஆகலாம், மாம ஆகலாம், மர்ம ஆகலாம். கொம்பு, ககரம், கால் என்னும் மூன்றும் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என ஆறு விதமாக வாசிக்க இடந்தருவன. இவற்றுள் எது சரி என்பதைக் கல் சொல்லாது. முன்னும் பின்னும் உள்ள சொற்களும், மொழியறிவும், அக்கால வழக்கறிவுமே சொல்லும்.

லங்காதிலகம் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கள ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் தமிழெழுத்தில் வரும்போது, தமிழெழுத்துக் காட்டாத ஒலி வேறுபாடுகளை வாசகனே நிரப்ப வேண்டியவனாகின்றான். இது பழங்கதையும் அன்று. கண்டியில் வாழும் தமிழர் நாள்தோறும் செய்யும் காரியம் இதுவே. மொழிக்கு முதலில் வரும் வல்லினம் ஒலிப்பின்றியே வரும் என்பது தமிழின் பொதுவியல்பு. ஆயினும் பேருந்துப் பலகையிற் கம்பளை என்றோ, பதுளை என்றோ கண்டால் இப்பகுதித் தமிழர் முதலெழுத்தை ஒலிப்புடை ஒலியாகவே உச்சரிப்பர். தலதா மாளிகை என்னும் தொடரின் முதற்சொல்லில் வரும் இரு தகரங்களும் எவ்வாறு ஒலிக்கும் என்பதை எழுத்து அறிவிப்பதில்லை, ஊர் அறிவிக்கின்றது. தமிழ் எழுத்தைக் குரலாக்கும் கணினிக் கருவிகள் இத்தகைய இடங்களில் இடறுவதற்குக் காரணம் அவற்றின் குரல்வளம் குறைவு என்பதன்று. பலகையில் இல்லாத அறிவு அவற்றுக்கு இல்லை என்பதே.

ஆக, வாசிப்பு என்பது பக்கத்தில் உள்ளதை எடுத்துக்கொள்வது மட்டுமன்று. பக்கத்தில் இல்லாததைக் கொடுப்பதும் ஆகும். இக்கருத்தினை மேனாட்டு உளவியலாளரின் ஆய்வுகளோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து.

வாசிக்கும்போது கண் வரியின்மேற் சீராக வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவிச் செல்கின்றது என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறியப்பட்ட உண்மை. எட்மண்ட் ஹியூயி 1908இல் வெளியிட்ட வாசிப்பு உளவியல் பற்றிய நூல் இத்துறையின் முதற் பெருநூல்களுள் ஒன்று. ஆங்கில வாசகரைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட பிற்கால ஆய்வுகளின்படி, ஒவ்வொரு நிலைப்பிலும் கண் ஏறத்தாழ ஒரு செக்கனின் நான்கிலொரு பங்கு நேரம் தங்குகின்றது. பின்னர் ஏழெட்டு எழுத்துக்களைத் தாவுகின்றது. பத்துத் தாவல்களில் ஒன்றேனும் பின்னோக்கியதாக அமைகின்றது. எழுத்துத் தனித்து நிற்கும்போதிலும் பார்க்கச் சொல்லின் உறுப்பாக நிற்கும்போது திருத்தமாக அறியப்படுகின்றது என்பதை 1969இல் ரெய்ச்சர் பரிசோதனை மூலம் காட்டினார். எழுத்தறிவு சொல்லுக்கு உதவுவதோடு, சொல்லறிவும் மேலிருந்து இறங்கி எழுத்துக்கு உதவுகின்றது என்பதை விளக்க மக்லெலண்டும் ரூமெல்ஹார்ட்டும் 1981இல் ஒரு மாதிரியை உருவாக்கினர். சாசனவியலாளர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவந்த முறைக்கு உளவியல் தந்த விளக்கம் என்றே இதனைக் கூறலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. வாசிப்பு என்பது ஊக விளையாட்டே என்று 1967இல் கென்னத் குட்மன் கூறிய கருத்துக் கல்வியுலகிற் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. நல்ல வாசகன் எழுத்துக்களைக் குறைவாகவே பார்க்கின்றான், பொருளை ஊகித்தே செல்கின்றான் என்பது அதன் சாரம். பின்வந்த ஆய்வுகள் இதனை ஏற்கவில்லை. தேர்ந்த வாசகன் சொல்லை விரைந்தும் திருத்தமாகவும் அறிகின்றான். எழுத்தை அறிவதில் இடர்ப்படுபவனே சூழலைப் பற்றிக்கொண்டு ஊகிக்கின்றான் என ஸ்டனோவிச் 1980இல் எடுத்துக்காட்டினார். இவ்விரு கருத்துக்களும் நமது சாசன வாசகனிடத்தில் முரண்படாது பொருந்துகின்றன. எழுத்துத் தெளிவாக உள்ள இடத்தில் அவன் ஊகிப்பதில்லை. தெளிவற்ற இடத்தில் ஊகித்தே ஆகவேண்டும். அவனது தகுதி ஊகிப்பதிலோ ஊகிக்காதிருப்பதிலோ இல்லை. எங்கு கண்டான், எங்கு ஊகித்தான் என்பதை அறிந்திருப்பதிலேயே உள்ளது.

சாசனப் பதிப்பு மரபு இவ்வறிவைக் குறியீடாகவே மாற்றியுள்ளது. சிதைந்து ஐயத்துக்குரியதான எழுத்து பகர அடைப்புள் வரும். முற்றாக அழிந்தது புள்ளிகளாற் காட்டப்படும். பதிப்பாசிரியன் தானாகச் சேர்த்தது உடுக்குறி பெறும். சாசனத் தமிழை ஆராய்ந்து இலண்டனிற் பட்டம்பெற்ற க. கணபதிப்பிள்ளை, 1971, 1972 ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தமிழ்ச் சாசனங்களை இரு பகுதிகளாகப் பேராதனையில் வெளியிட்ட ஆ. வேலுப்பிள்ளை ஆகியோர் இத்துறையை இங்கு வளர்த்தனர். சாசனப் பதிப்பொன்றின் பக்கத்தைப் பார்ப்பவனுக்கு அடைப்புக்குறிகள் கண்ணை உறுத்தக்கூடும். ஆயினும் அவையே அப்பக்கத்தின் நேர்மை. உ. வே. சாமிநாதையர் 1894இற் பதிப்பித்த புறநானூற்றில் 267ஆம், 268ஆம் பாடல்களின் இடம் வெறுமையாகவே நிற்கின்றது. சிதைந்த அடிகள் புள்ளிகளாகவே நிற்கின்றன. புலமை நிரம்பிய அவருக்குப் புள்ளிகளின் இடத்தை அழகிய அடிகளால் நிரப்புதல் அரிய செயலாக இருந்திராது. அவ்வாறு நிரப்பாமை பதிப்பாசிரியன் என்ற முறையில் அவர் மேற்கொண்ட தெரிவாகும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். பார்வையற்றோருக்கு நூல்களை வாசித்துக் காட்டும் கேர்ஸ்வைலின் இயந்திரம் 1976இல் வெளிவந்தது. ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தில் 1985 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் உருவாக்கப்பட்ட டெசரக்ட் என்னும் எழுத்துணரி, 2005இல் யாவருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. இன்று தமிழையும் அது வாசிக்கின்றது. தொடக்ககால எழுத்துணரிகளின் நோக்கு எளியது. பக்கத்தை வரிகளாகவும் வரியை எழுத்துக்களாகவும் பிரித்து, ஒவ்வோர் எழுத்தின் வடிவையும் தம்மிடமுள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியதைத் தெரிந்துகொள்ளும். நான்காம் பதிப்பு 2018இல் வந்தபோது டெசரக்ட் நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறியது. அம்முறையில் வரி முழுவதும் தொடராகவே வாசிக்கப்படுகின்றது. ஓரெழுத்தை முடிவுசெய்வதில் அதன் அயலெழுத்துக்களும் பங்குகொள்கின்றன. 2017இல் அறிமுகமான புதிய வலையமைப்பின் வழிவந்த பெரிய மொழி மாதிரிகள் இதனினும் நெடுந்தூரம் சென்றுள்ளன. கோடிக்கணக்கான வாக்கியங்களிற் பயின்ற அவை, எந்தச் சொல்லின் பின் எந்தச் சொல் வருதல் இயல்பு என்பதை நிகழ்தகவாக அறிந்துவைத்துள்ளன. பக்கத்தின் படத்தைக் கொடுத்தால், பார்த்ததையும் எதிர்பார்த்ததையும் இணைத்து அவை வாசிக்கின்றன.

மனித வாசிப்பை இயந்திர வாசிப்பு நெருங்கிவிட்டது என்று சிலர் இதனைக் கொண்டாடுகின்றனர். சொல்லறிவு எழுத்தறிவுக்குக் கைகொடுக்கும் அளவில் அது உண்மையே. ஆனால் இம்மாற்றத்தினால் விளைந்த ஒரு பெரும் வேறுபாட்டை அவர்கள் கவனிக்கத் தவறுகின்றனர். பழைய எழுத்துணரியின் பிழை, பிழையாகவே தோன்றியது. ணகரத்தினிடத்தில் ஒரு எண்ணும், ழகரத்தினிடத்தில் ஒரு குறியும் வந்து நின்றால், எவனும் அதனை மேற்கோளாக எடுத்தாளமாட்டான். புதிய இயந்திரத்தின் பிழை சொல்லாகவே தோன்றுகின்றது. இலக்கணத்துக்கு இயைந்தும் வாக்கியத்துக்குப் பொருந்தியும் தோன்றுகின்றது. பிழைகள் தொகையிற் குறைந்துள்ளன என்பது உண்மை. எஞ்சியவை கண்ணுக்குப் புலப்படாதனவாகிவிட்டன என்பதும் உண்மை. திறனாய்வாளனுக்கு இரண்டாவதே முக்கியமானது.

இத்தகைய பிழை தமிழுலகுக்குப் புதிதன்று. எழுதுவோன் ஏட்டைக் கெடுப்பான், படிப்போன் பாட்டைக் கெடுப்பான் என்ற கருத்துப்படப் பழமொழி வழங்குவதை யாவரும் அறிவர். எழுத்தறியாது எழுதுவோனின் பிழையைத் திருத்துதல் எளிது. ஓரளவு கற்ற ஏடெழுதுவோனின் பிழையே அறிஞரை அலைக்கழித்தது. அவன் தனக்கு விளங்காத அருஞ்சொல்லைக் கண்டபோது, முன்னவன் பிழைவிட்டான் எனக் கருதித் தானறிந்த எளிய சொல்லை எழுதிவைத்தான். இதனாலேயே, இரு பாடங்கள் முரணும்போது, பிறவெல்லாம் சமமாயின், கடினமான பாடமே மூலமாதல் கூடும் என்று மேனாட்டு மூலபாடத் திறனாய்வாளர் விதி வகுத்தனர். எளிமையிலிருந்து கடினத்துக்கு மாற்ற எழுதுவோனுக்குக் காரணம் இல்லை. கடினத்திலிருந்து எளிமைக்கு மாற்றக் காரணம் உண்டு. நிகழ்தகவின் வழி நிற்கும் இயந்திரம் இயல்பாகவே எளிய பாடத்தின் பக்கம் சாய்வது. எனவே அதனை வாசகன் என்பதினும், ஓரளவு கற்ற, களைப்பறியாத ஏடெழுதுவோன் என்பதே பொருத்தமாகும். இக்கட்டுரையின் மையக்கருத்து இதுவே.

இக்கருத்தின் தாற்பரியத்தை மலையக இலக்கியத்தைக் கொண்டு விளக்கலாம். லயம் என்னும் சொல்லைத் தமிழகத்து வாசகர் இசையோடு தொடர்புடையதாகவே பெரிதும் அறிவர். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் அது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளைக் குறிக்கும். லயத்தில் இருள் சூழ்ந்தது என ஒரு கதையில் வருமாயின், எழுத்துக்களைச் சிறிதும் பிழையின்றி அறிந்த இயந்திரமும் அதனைப் பொருள்கொள்வதிலோ மொழிபெயர்ப்பதிலோ வழிதவறக்கூடும். தோட்டத் தொழிலாளரைக் காலையில் ஒன்றுகூட்டி வேலை பகிரும் பெரட்டு என்னும் சொல், மங்கிய அச்சில், புரட்டு எனத் 'திருத்தம்' பெறுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அவ்வாறு நிகழின் தொழிலாளரின் நாளாந்த ஒடுக்குமுறையைச் சுட்டும் சொல் ஏமாற்றத்தைச் சுட்டும் சொல்லாக மாறும். வாக்கியமும் பெரிதாகக் கெடாது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் போன்ற தொகுப்புகளின் பெறுமதி, அவை பொதுத்தமிழிலிருந்து விலகும் இடங்களிலேயே பெரிதும் தங்கியுள்ளது. பெரும்பான்மை வழக்கிற் பயின்ற இயந்திரம் சிறுபான்மை வழக்கைப் பிழையெனக் கொள்வது தொழில்நுட்பக் குறைபாடு மட்டுமன்று. எழுத்திற் குறைவாகவே இடம்பெற்ற மக்கள், எழுத்தாக்கத்தின்போது இரண்டாம் முறையும் விடுபட்டுப்போவர்.

மனித வாசகன் இக்குற்றத்துக்கு அப்பாற்பட்டவன் என்று எண்ணுதல் தவறு. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சட்ஸ் ஆசிரியர் பெயர் நீக்கிய கவிதைகளை மாணவருக்கு வழங்கி, அவர்கள் எழுதித் தந்த கருத்துக்களை 1929இல் நூலாக ஆராய்ந்தார். உயர்கல்வி பெற்ற அம்மாணவரிற் பலர், கவிதையில் உள்ளதை விடுத்துத் தம் மனத்திலே ஆயத்தமாயிருந்த பொருளையே அதில் வாசித்தனர் என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. நிலவு என்றதும் காதலையும், தாய் என்றதும் தியாகத்தையும் வாசிக்கும் வாசகன், அடுத்த சொல்லை நிகழ்தகவாற் கணிக்கும் இயந்திரத்திலிருந்து எவ்வகையில் வேறுபட்டவன்? நமது பரீட்சை விடைத்தாள்கள் சிலவற்றையும், ஏன், பத்திரிகை மதிப்புரைகள் பலவற்றையும் இந்நோக்கிற் பார்ப்பின் நமக்குப் பெருமை கொள்ள இடமில்லை. எனவே வேறுபாடு மனிதன், இயந்திரம் என்பதில் இல்லை. தன் ஊகத்தைத் தானே விசாரிக்கும் வாசிப்பு, விசாரியாத வாசிப்பு என்பதிலேயே உள்ளது.

இயந்திர வாசிப்பை நாம் விலக்கிவைத்தல் வேண்டும் என்பது இதன் கருத்தாகாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் அழிந்தன. படியெடுத்து வைக்கப்படாத சமுதாயத்தின் நினைவு எத்துணை எளிதில் அழிக்கப்படும் என்பதை அறிந்த நாம், 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் போன்ற முயற்சிகளின் அருமையை அறியாதிருத்தல் இயலாது. பல்லாயிரம் பக்கங்களில் ஒரு பெயரைத் தேடவும், பார்வையற்ற மாணவன் ஒருவன் பிறர் துணையின்றிப் பாடநூலைக் கேட்கவும் எழுத்துணரி துணைசெய்கின்றது. ஏடெழுதுவோர் இல்லாதிருந்தால் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்திரா. 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடெழுதியோரின் பிழைகளால் உற்ற இடர் பெரிது; ஆயினும் அவ்வேடுகளின்றி அவரது பதிப்பும் இல்லை. நன்றி பாராட்டுதல் வேறு. நம்பிக் கண்மூடுதல் வேறு.

நியாயமாக நோக்கின், குற்றம் முழுவதையும் இயந்திரத்தின்மேற் சுமத்துதலும் பொருந்தாது. டெசரக்ட் போன்ற எழுத்துணரிகள் தாம் வாசித்த சொல்லைத் தாம் எவ்வளவு உறுதியாக வாசித்தன என்பதையும் எண்ணாகக் கணித்தே வைத்துள்ளன. அவ்வெண் வாசகனுக்கு வந்து சேர்வதில்லை. சீரான, ஐயமற்ற தோற்றமுடைய எழுத்துப் பிரதியையே நாம் வேண்டுகின்றோம். அதுவே நமக்குத் தரப்படுகின்றது. சாசனப் பதிப்பாசிரியன் அடைப்புக்குறியால் அறிவித்ததை இயந்திரமும் தன்னளவில் அறிந்திருக்க, இடையில் நாமே அதனைத் துடைத்தெறிகின்றோம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியன சில உள. இயந்திரம் வாசித்த பிரதி எதுவாயினும் மூலப் பக்கத்தின் படத்தோடு சேர்த்தே பேணப்படல் வேண்டும். உறுதி குறைந்த சொற்கள் பிரதியிலேயே குறியிட்டுக் காட்டப்படல் வேண்டும். ஆய்வேட்டில் இத்தகைய பிரதியிலிருந்து மேற்கோள் காட்டும் மாணவன் படத்தோடு ஒப்புநோக்கியமையைக் குறிப்பிடுதல் வேண்டும். தமிழகத்தில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வரும் முன் அச்சான நூல்களில் லை, ணை, றா, னா முதலியன வேறு வடிவில் இருந்தமையால், இன்றைய அச்சில் மட்டும் பயின்ற இயந்திரம் அவற்றைத் தவறாக வாசிக்க இடமுண்டு என்பதும் மனங்கொள்ளத்தக்கது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலபாடத் திறனாய்வை நமது பாடத்திட்டங்களின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். பழைய ஏடுகளோடு முடிந்துபோன கலையெனச் சிலர் கருதும் இதுவே, இன்றைய பிரதிகளை அளப்பதற்கு நம்மிடம் உள்ள கருவியாகும்.

உடுநுவரைப் பாறையில் எழுத்து வெட்டியவன், புள்ளியிடாது விட்ட இடங்களை வாசிப்போன் நிரப்புவான் என்று நம்பினான். அந்நம்பிக்கை வீண்போகவில்லை. ஆனால் நிரப்பியவர்கள், தாம் நிரப்பியதை மறைக்காது அடைப்புக்குறியுள் எழுதினார்கள் என்பதனாலேயே பிற்காலத்தவர் அவர்களோடு முரண்படவும், அவர்களைத் திருத்தவும் முடிந்தது. முரண்படுதற்கு இடம் விடாத வாசிப்பு எவ்வளவு சரளமாயினும் அறிவை வளர்க்காது. மனிதனாயினும் இயந்திரமாயினும், வாசித்தவர் எவர் என்பதற்கு முன்னர், எதைக் கண்டார், எதைக் கொண்டார் என்று கேட்பதே திறனாய்வின் முதற்கடன்.